நாளைக்கு எங்கே இறங்குவது?

உல்லாசக் கப்பல் நாளைக் காலை துறைமுகத்தில் நிற்கும். எட்டு மணி நேரம் கரையில் சுற்றலாம். எங்கே போவது என்று சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து இரண்டு குடும்பத்தாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கடல்ல முங்கி மீன் பாக்கலாம். இவர் இருக்கும்போது நமக்கென்ன பயம்?” என்றாள் வாத்தியாரின் மனைவி.

“அதெல்லாம் வேணாம். மலை ரயில்ல போவோம்,” என்றார் லாரிக்காரர், வாத்தியாரின் நாற்பது வருட நண்பர்.

“தண்ணின்னா உனக்கு உதறல்டா, தொடைநடுங்கி!” என்று சிரித்தார் வாத்தியார்.

லாரிக்காரரின் முஷ்டி அவர் மூக்கில் இறங்கியது. வரைபடமெல்லாம் ரத்தம். வாத்தியார் பீங்கான் தட்டை எடுத்து லாரிக்காரரின் நெற்றியில் உடைத்தார். மேஜை கவிழ்ந்தது. உடைந்த சில்லுகளின் மேல் இருவரும் கட்டிப் புரண்டார்கள். குரல்வளையைப் பிடித்த கையை வாத்தியார் சதை பிய்யக் கடித்தார். பெண்கள் அலறினார்கள். நான்கு காவலர்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

“ரெண்டு பேரும் நாளைக்கு ரூமை விட்டு வெளிய வரக் கூடாது!” என்றார் கப்பல் அதிகாரி.

காலையில் மனைவிமார் தலையிலடித்துக்கொண்டு மீன் பார்க்கக் கிளம்பினார்கள். அடுத்தடுத்த பால்கனிகளில் கட்டுப் போட்ட இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

“சண்டை போடுற மாதிரி நடிக்கத்தானேடா சொன்னேன்? மூக்கை உடைச்சிட்டியே!”

“லேசா தட்டினா யாரு நம்புவா? நீச்சல் தெரியாதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

வாத்தியார் மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டார்.

“எப்படிடா சொல்லுவேன்? முப்பது வருஷம் கரையில நின்னு விசில் ஊதியே ரிட்டயர் ஆன நீச்சல் வாத்தியார்டா நான்!”