அளந்து போட்ட சோறு

மெக்கானிக்கின் தட்டில் விழுந்த இரண்டாவது கரண்டிச் சோற்றில் பாதியை அம்மா திரும்ப அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டாள். பகல் முழுக்க லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பி வடம் மாற்றிவிட்டு வந்தவனின் தட்டு அது. வயது நாற்பது தாண்டியாயிற்று, இன்னும் அவன் சோற்றில் அம்மா பிடித்தம் செய்கிறாள்.

"பசிக்குதும்மா" என்றான்.

"காய் நிறைய இருக்கு. அதப் போட்டுக்கோ."

காயில் உப்பு பேருக்குத்தான் இருந்தது. அப்பா போய் எத்தனையோ வருஷமாகியும் அவருக்குச் சமைத்த பத்தியத்தை அம்மாவின் கை மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி தனியாகச் சமைத்துப் பார்த்தாள்; மாமியாரோடு மல்லுக்கட்ட முடியாமல் கைவிட்டுவிட்டாள்.

"பாப்பா எங்க?"

"கூடப் படிக்கிற பொண்ணுக்குப் பிறந்தநாளாம். உன் பொண்டாட்டி கூட்டிட்டுப் போயிருக்கா. கேக் ஒரு துண்டுக்கு மேல தரக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. இதே கதைதான் அவனுக்கும் நடந்தது. தெருப்பிள்ளைகள் எல்லாம் ஐஸ்கிரீம் வண்டியைத் துரத்த, இவன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை உண்டு, இனிப்பு கிடையாது. அதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை. ஊசிக்குப் பயந்து அலறுவான். அம்மா கையைப் பிடித்துக்கொள்வாளே தவிர, வேண்டாம் என்று ஒரு வருஷமும் விட்டதில்லை.

அவன் தத்துப்பிள்ளை என்பது வீட்டில் யாருக்கும் ரகசியமில்லை. அவனை முதன்முதலாகத் தூக்கி வந்து அம்மாவின் மடியில் கிடத்தியபோது அப்பாவின் கை கிடுகிடுவென்று நடுங்கியதாம். பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லாத கை. அம்மா எப்போதாவது அதைச் சொல்வாள், சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அத்தை வந்தால் அவன் காதுபடவே கேட்பாள். "வயித்துல சுமந்திருந்தா இப்படி அளந்து போட மனசு வருமா?" அம்மா ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

இன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி டாக்டர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வருஷாந்திரப் பரிசோதனையில் ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தது. இத்தனை ஒல்லியான ஆளுக்கு ஏன் என்று சந்தேகப்பட்டு மரபணுச் சோதனைக்கும் அனுப்பியிருந்தார். அதன் முடிவு வந்திருந்தது.

"சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தொப்பை, நாலும் கூட்டணி வெச்சுக்கிட்டு வரும். அது நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா அதை இழுத்துட்டு வர்ற ஜீன் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. ரொம்பச் சில குடும்பத்துலதான் பாக்க முடியும். பெத்தவங்கள்ல ஒருத்தர் குடுத்தது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தா வந்தே தீரும்னு இல்ல. ஆனா கொஞ்சம் அசந்தா முப்பதுலயே ஆளைச் சாய்ச்சிடும். நீங்க இன்னும் லிஃப்ட் மேல ஏறிட்டிருக்கீங்க. சின்ன வயசுலேர்ந்தே வாயக் கட்டினீங்களோ?"

"நான் கட்டல சார். கட்டி வெச்சாங்க."

"பொண்ணுக்கும் பாத்துடுங்க. பெத்தவங்கள்ல யாருக்கு இருந்துச்சுன்னு விசாரிச்சுட்டு வாங்க."

யாரிடம் போய் விசாரிப்பது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. இப்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னான். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பில்லை.

அம்மா ஆச்சரியப்படவில்லை. பாத்திரத்தை மூடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பெத்தவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. பாப்பாவுக்காகத்தான் கேக்குறேன்."

"பெத்தவளுக்கு ஒரு நோயும் கிடையாது. பிரசவத்துல ரத்தம் நிக்காம போயிட்டா, பாவம்."

"அப்ப அந்த ஆளு?"

மேஜையில் ஒட்டிக் காய்ந்திருந்த பருக்கையை அம்மா நகத்தால் சுரண்டினாள்.

"அவருக்கு நீ சொன்ன நாலுமே இருந்துச்சு. வாயக் கட்டுங்கன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். என் எதிர்ல சரிம்பாரு, வெளிய போய்த் தின்னுட்டு வருவாரு. அம்பதைக்கூடத் தாண்டல. அதுக்கப்புறம் உன்னையும் விட்டுக்குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீ சொல்லிப் பாத்தியா? அவரு யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தள்ளி வைத்த தட்டை அம்மா மெல்ல அவன் பக்கமே நகர்த்தினாள். அவள் குரல் களைத்துப் போயிருந்தது.

"உங்கப்பாவுக்கு நீ தத்து இல்லப்பா, எனக்கு மட்டும்தான்."