ரெண்டுங்கெட்டான் மாதம்

"சீசன்ல வராதீங்க அண்ணி, கடற்கரையில கால் வைக்க இடம் இருக்காது. மழைக்காலத்துல வந்தா ஜன்னல் வழியாத்தான் கடலைப் பார்க்கணும். நடுவுல ஒரு ரெண்டுங்கெட்டான் மாசம் வரும் பாருங்க, அப்ப வாங்க," என்று நாத்தனாரிடம் போனில் தேன் ஒழுகப் பேசினாள் அவள்.

வாசலில் பெயின்ட் பிரஷ்களைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்த கணவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"எங்க வீடு உங்களுக்கு வசதிப்படாது. தெருமுனை ஓட்டல்ல அப்ப பாதி வாடகைதான். கட்டில்ல படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம்."

போனை வைத்ததும் அவன் கேட்டான். "என் கூடப் பிறந்தவளை ஓட்டலுக்கு அனுப்புறியே, நல்லாவா இருக்கு?"

"பட்டாளத்தோட வந்து டேரா போடுவாங்க. நீங்களா வடிச்சுக் கொட்டப் போறீங்க?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபமாக்கும் என்று நினைத்தாள். விசிலடித்துக்கொண்டு திரும்பியதுதான் புரியவில்லை.

மறுநாள் நாத்தனார் கூப்பிட்டாள். "உன் பேச்சைக் கேட்டு டிக்கெட் எடுத்துட்டேன். இப்ப பார்த்தா அந்த மாசம் ஓட்டலையே மூடுறாங்களாம். எல்லாரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம்."

"நல்லா நடக்கிற ஓட்டலை எந்தப் புண்ணியவான் மூடச் சொன்னானோ," என்று கணவனிடம் புலம்பினாள்.

"மழையும் இல்ல, கூட்டமும் இல்ல. சுவருக்குப் பெயின்ட் அடிக்க அந்த ரெண்டுங்கெட்டான் மாசம்தான் தோது," என்றான் அவன், ஏணியைத் தோளில் ஏற்றியபடி. "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினேன்."