ஏழிலிருந்து எட்டு வரை

கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் தானாக டயல் செய்து இணையத்தில் சேர வேண்டும் என்று அதிலேயே குறித்துவைக்க, மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வீட்டில் இருப்பது ஒரே லைன். அதை மோடம் பிடித்துக்கொண்டால் வெளியிலிருந்து போன் வராது என்றும் பொறுமையாக விளக்கியிருந்தேன்.

இன்று கம்ப்யூட்டரில் அந்தக் குறிப்பைப் பார்த்தால், இரண்டு வாரமாகத் தினமும் மாலை ஏழிலிருந்து எட்டு வரை இணைப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவன்கூட அரட்டை?"

"எவன்கூடவும் இல்ல. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஒரு மெயில் இல்லை. ஒரு பக்கம்கூடத் திறக்கப்படவில்லை.

"அப்புறம் எதுக்குடி சும்மா கனெக்‌ஷன்?"

"வேலைய விட்டுப் போனாளே உங்க டைப்பிஸ்ட், அவ ஏழு மணியிலிருந்து எட்டுக்குள்ளதானே உங்களுக்குப் போன் பண்ணுவா?"

இரண்டு வாரமாக டைப்பிஸ்ட் ஏன் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.