நழுவும் முள்

மின்விசிறி நின்றது.

அவர் மனைவியின் மணிக்கட்டை விடவில்லை. நாடியை எண்ணிக்கொண்டிருந்தார், பாதிதான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை. பராமரிப்பு என்று ஒண்டிப்புதூர் பக்கம் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள்.

விசிறி ஓய்ந்ததும் கூடத்துச் சுவர்க்கடிகாரம் கேட்டது.

டிக்.

டிக்.

கண் தன் கையிலிருந்த வாட்சின் மேல் இருந்தது. ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் அதன் விநாடி முள் இரண்டு கோடு தாண்டியது.

கண் ஏய்க்கிறது என்று நினைத்தார். மறுபடி பார்த்தார்.

இரண்டு கோடு.



அது இசைக்கவை வாட்ச். பள்ளிக்கூடத்தில் தட்டிக் காதருகே வைப்பார்களே, அதே இசைக்கவைதான், விரல்நுனி அளவில் உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும். டிக் டிக் கிடையாது. காதில் வைத்தால் வண்டு முனகுவது போலிருக்கும். முள் நின்று நின்று போகாது, நழுவிக்கொண்டே போகும். வேகம் கண்ணுக்குப் பிடிபடாது.

செத்துக் கிடந்ததை வாங்கிவந்து, முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் அறுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்து, உயிர் கொடுத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சேர்த்துவைத்திருந்த மற்ற வாட்சுகளெல்லாம் அன்றோடு மூத்த தாரமாகிவிட்டன.

இதற்கான பழைய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. கடையில் கிடைப்பதில் மின்னழுத்தம் சற்றுக் கூடுதல். அப்படியே போட்டால் இசைக்கவை அளவுக்கு மேல் துள்ளும். சக்கரத்தை ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் தள்ளிவிடும். சில வாட்சுகள் மேசைமேல் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, கையில் ஏறியதும் புத்தியைக் காட்டும். கட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள் என்று வாட்ச் சேர்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அவரேதான் சொல்வார்.

இவருடையது அந்தப் பேட்டரியோடு மேசைமேல் ராத்திரி முழுக்கச் சரியாக ஓடியது.

போதும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைதான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார். இருதய மாத்திரையைக் குறைத்திருக்கிறோம், காலையும் மாலையும் நாடி பாருங்கள், நூறைத் தாண்டினால் அப்போதே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஓசூரிலிருக்கும் மகள், அதற்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்புகிறேன் என்றாள். என் கையில் இருப்பதைவிடவா என்று சிரித்தார்.

அன்று சாயங்காலமே மனைவி, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். வாட்சைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலுக்கு வேகமாகத்தான் பட்டது. ஆனால் முள் ஒரு சுற்று முடித்தபோது எண்ணிக்கை அறுபத்தெட்டு.

மனப்பிராந்தி என்றார். வாட்ச் பொய் சொல்லாது என்றும் சொன்னார்.

சனி, ஞாயிறும் அப்படித்தான். எண்ணி முடிக்கும்போது வாட்ச் கொஞ்சம் முந்தியிருக்கும். முள்ளைத் திருகி நேராக்கிக்கொள்வார். அவளிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் குறையை யார் வெளியே சொல்வார்கள்?

திங்கட்கிழமை அவள் படபடப்பு என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இப்போது வாட்சைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முதலிலிருந்து எண்ணினார்.

நூறு வந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் இன்னும் முக்கால் சுற்றைத் தொடவில்லை.

அதற்குமேல் எண்ண முடியவில்லை. எது அவள் நாடி, எது தன் நாடி என்றே தெரியவில்லை. இப்படி ஒரு பயத்தை அவர் அறிந்ததில்லை.

எவ்வளவு என்று அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். கழற்றிவைத்த வாட்சைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

வண்டியில் நர்ஸ் அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். சிவப்பு எண்கள் எரிந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"படபடப்பு எப்ப இருந்துங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "சரியாச் சொல்லோணும். ரெண்டு நாளைக்குள்ளன்னா ஒரு வைத்தியம், தாண்டிருச்சுன்னா வேற. மாத்திக் குடுத்துட்டா உசுருக்கே ஆபத்துங்க."

அவர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இப்பத்தானுங்க. காலைல இட்டிலி தின்னதுக்கப்புறம்."

போர்வைக்கு அடியில் அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. சும்மா இருங்கள் என்று அழுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்காத கை.

நர்ஸ் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லத் தொடங்கினாள். இன்று காலையில்தான் ஆரம்பித்திருக்கிறது என்றாள்.

"வெள்ளிக்கிழமைல இருந்துங்க" என்றார் அவர்.

சைரன் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

நர்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, என்ன என்று அவர் பக்கம் குனிந்தாள்.

போர்வைக்குள் பிடி இறுகியது.