பாலித்

மந்தலோங்கோன் மலைச்சந்தையில் பனி இன்னும் கலையவில்லை. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஒரே கயிற்றை இருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கயிற்றின் நுனியில் ஒரு கறுப்புப் பன்றிக்குட்டி வீறிடுகிறது. ஒரு கை பன்றி வளர்க்கும் கிறிசாந்தாவுடையது. இன்னொன்று, மணிலாவிலிருந்து வந்து இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருக்கும் அம்புரோசியோவுடையது. அவன் கொண்டுவந்த சேவல் கால் கட்டப்பட்டு அவள் கூடைக்குள் கிடக்கிறது. ‘பாலித்’ என்று கேட்டான், அவளும் தலையாட்டினாள்.

“பாலித்துன்னியே தம்பி, வாங்குறவன் காசுல்ல குடுக்கணும்? கோழியப் போட்டுட்டு குட்டிய இழுக்குற.”

“நீங்கதானக்கா சரின்னீங்க. இப்ப ரெண்டையும் அமுக்கப் பாக்குறீங்களா?”

அவள் பார்வை அவன் சட்டைப்பையிலேயே நிற்கிறது. அவன் பார்வை சேவலை விட்டு நகரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, இருவரையுமே நம்பாத முகத்தோடு பார்க்கிறார். உப்பு வாங்கப் போயிருந்த அம்புரோசியோவின் மனைவி லூர்திங் மூச்சிரைக்க வருகிறாள்.

“அக்கா, அவங்க ஊர்ல பாலித்துன்னா ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கிறது. நாம பாய்லோன்னு சொல்றோமே, அது. நம்ம பாலித் மாதிரி காசு குடுத்து வாங்குறேன்னு இவர் சொல்லல.”

கிறிசாந்தா சேவலைத் தூக்குகிறாள். இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறாள், இரைப்பையை அழுத்துகிறாள், அலகை முகர்கிறாள். நல்ல சேவல்தான்.

“சரி, பாய்லோ,” என்கிறாள். ஆனால் கயிற்றை விடவில்லை. லூர்திங்கிடம் மட்டும் குரலைத் தாழ்த்துகிறாள். “இப்ப நான் சரின்னேன்ல, அதுக்கு அவங்க ஊர்ல என்ன அர்த்தம்னு முதல்ல கேளு.”