நேயர் கருத்து

பல்கணிக் கம்பியில் கட்டியிருந்த அன்டெனாவைக் கடற்பக்கமாகத் திருப்பிவிட்டு மங்கையர்க்கரசி உள்ளே வந்தாள். மாலையிலிருந்து புள்ளி புள்ளியாய் நடுங்கிக்கொண்டிருந்த படம், அசையாத குளத்தில் விழுந்த நிழல்போலத் தெளிந்து நின்றது.

"உங்களுக்குக் கைராசி அக்கா!" என்று பேர்ணடெற் கைதட்டினாள்.

படத்தை அடியோடு அழிக்கவே அவள் போயிருந்தாள். காலையில் நன்றாய் இருந்தது மாலையில் ஏன் கெட்டது, இப்போது ஏன் சீரானது, ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. இலையசையக் காற்றில்லாத நாள் அது.

வெள்ளவத்தையின் அந்த ஒழுங்கையை இரு முனையிலும் படையினர் மறித்திருந்தார்கள். சோதனை முடியும்வரை எவரும் வெளியேற முடியாது. சட்டை தைக்கக் கொடுக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பேர்ணடெற்றும், கீழ்த்தட்டுக் கடையைப் பூட்டிவிட்டு ஏறிவந்த இப்றாஹிமும் அவள் வீட்டு நாற்காலிகளில் சிறைப்பட்டிருந்தார்கள். பொழுதுபோக்க அவர்களுக்குக் கிடைத்தது 'புளுகு மூட்டை'.

சாத்திரக்காரரின் சாகசங்களையும் பேயோட்டிகளின் தந்திரங்களையும் ஒளித்துவைத்த கமராவால் பிடித்து, சிரிக்கச் சிரிக்க அம்பலப்படுத்தும் நிகழ்ச்சி அது. இன்றைக்கு அகப்பட்டவர், கொட்டாஞ்சேனையில் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் சாமியார். சென்ற வாரமே அறிவித்துவிட்டார்கள்.

அன்று தொட்டு மங்கையர்க்கரசிக்கு உறக்கமில்லை. புறக்கோட்டைக்கு வேலைக்குப் போன மகன் பிரதீபன் மாசி மாதத்திலிருந்து வீடு திரும்பவில்லை. பொலிஸ் நிலையம், முகாம், ஆணைக்குழு என்று தட்டிய கதவுகள் யாவும் மூடியே கிடக்க, கோயிலுக்கென்று பொய்சொல்லி அவள் தட்டிய கடைசிக் கதவு அந்தச் சாமியாருடையது. போகும்போதெல்லாம் உடுத்த நீலச் சேலை இப்போது அரிசி வாளிக்கு அடியில் கிடந்தது.

"எனக்கெண்டா இந்த புரோகிராம் பிடிக்கேல்லை," என்றாள் பேர்ணடெற். "இண்டைக்கு மைக்காரனைப் பாத்துச் சிரிப்பினம். நாளைக்கு எங்கடை அந்தோனியாரிட்டையும் கமராவோடை வருவினம்."

"கள்ளனத்தானே புடிக்கிறாங்க? கள்ளன் இல்லாத எடத்துக்கு ஏன் வரப்போறாங்க?" இப்றாஹிம் மங்கையர்க்கரசியின் கணவர் பக்கம் திரும்பிக் கண்சிமிட்டிவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஷ்ஷ்... மாஸ்டர்ட காயிதம் வருது!"

தொகுப்பாளன் குரலை உயர்த்தினான்: "நேயர் கருத்து! வழமைபோல வெள்ளவத்தை யோகநாதன் ஐயா எழுதுகிறார்: 'மூளையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் இந்த மூடர்களை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா?'"

அறை அதிரச் சிரிப்பு எழுந்தது. கணவர் யோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மகன் காணாமற்போனபின் ஒருநாளும் அழாதவர். கோயில் வாசலை மிதியாதவர். வாரந்தவறாமல் இந்தக் கடிதம் எழுதுவதே அவருடைய வழிபாடாகிவிட்டிருந்தது.

"செய்திக்கு மாத்துங்கோ," என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி. "றோட்டிலை என்ன நடக்குதெண்டு தெரியவேணும்."

"செய்தி எங்க மாஸ்டர் ஓடப்போகுது? இதப் பாத்துட்டுப் பாப்பம்," என்றார் இப்றாஹிம்.

மங்கையர்க்கரசி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரார் முன் தன் மனைவியின் மானம் போகாமற் காக்கப் பார்க்கிறார். இவர்கள் போனபின், அந்த மௌனத்தோடு ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்வது? எழுந்து ஓடவும் தெருவில்லை.

நாமம் சொல்லி நெஞ்சுக்குள் ஒரு பதிகத்தைத் தொடங்கினாள். அடுத்த அடி வரவில்லை.

திரையில் சாமியாரின் முற்றம் விரிந்தது. வரிசையில் நிற்போருக்குப் பிளேன்டி கொடுத்து, ஆறுதலாய்க் கதைகேட்டு, கேட்டதையெல்லாம் பின்கதவால் சாமியாருக்குச் சொல்லும் பெண்ணைக் கமரா பின்தொடர்ந்தது. அந்தத் தேநீரை மங்கையர்க்கரசியும் குடித்திருக்கிறாள். மகனின் பெயரைச் சாமியார் தானாகவே சொன்னபோது மெய்சிலிர்த்து அழுதும் இருக்கிறாள்.

"எங்கடை தெருவிலை இப்பிடியொரு கள்ளியோ!" பேர்ணடெற் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடிக்காத நிகழ்ச்சி பிடித்துப்போயிற்று.

வரிசை நகர்ந்தது. முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள், சேலைகளின் நிறத்தை மங்கலாக்கவில்லை. சிவப்பு வந்தது. பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் நீலத்துக்காகக் காத்திருந்தாள்.

நீலம் வரவில்லை. படம்பிடித்த நாளில் அவள் அங்கே போயிருக்கவில்லை! முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"கடைசியாக ஓர் ஐயா," என்றான் தொகுப்பாளன். "இவருக்குச் சாமியாரே பதில் சொல்லத் திணறுகிறார், பாருங்கள்!"

வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், மார்போடு ஒரு புகைப்படத்தை அணைத்தபடி, சாமியாரின் முன்னே மண்டியிட்டார்.

யோகநாதன் சட்டென்று எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய விரல்கள் அதன் பொத்தானைத் தேடின.

"மறைக்காதீங்க மாஸ்டர்!" என்று இப்றாஹிம் சிரித்துக்கொண்டே கத்தினார்.

படம் அவருடைய முதுகுக்குப் பின்னால் மறைந்தது. குரல் மறையவில்லை.

"பிரதீபன் உயிரோடை இருக்கிறான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ சாமி... பொய்யெண்டாலும் பரவாயில்லை."