துடைத்தால் போய்விடும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கார் இருந்ததாம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கோயமுத்தூரில் எத்தனை கார் ஓடினால் என்ன, பிரவின்குமார் கண்ணுக்கு அவருடைய புதுக் கார் ஒன்றுதான் கார்.

மிதித்தால் பறக்கும். தொட்டால் நிற்கும். குறை ஒன்றே ஒன்று. முன்சக்கரம் இரண்டும் கறுத்துப் போகும்.

காலையில் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிற சக்கரம், காந்திபுரம் நெரிசலைத் தாண்டிக் கணபதிக்கு வருவதற்குள் கரிச்சட்டி ஆகிவிடும். ஷாம்பு போட்டார். ஊதா நிறத்தில் வடிகிற ஏதோ மருந்து வாங்கி அடித்தார். ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும் பிரஷ்ஷோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பையனுக்கு ஒரு நாளாச்சும் பல்லு வெளக்கி உட்டிருக்கறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர் பிரஷ்ஷோடு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

திங்கட்கிழமை மறுபடியும் கறுப்பு.

ஷோரூமுக்கு மூன்று தடவை போய்விட்டார். அங்கே சர்வீஸ் பார்க்கிற இல்யாஸ் மூன்று தடவையும் காபி கொடுத்து ஒரே விளக்கத்தைச் சொன்னார். வேகமான வண்டிக்கு பிரேக் நன்றாகக் கவ்வ வேண்டும். கவ்வினால் தேயும். தேய்ந்தால் பொடி வரும். வண்டியில் கோளாறே இல்லை.

"வெறும் தூசிதானுங்க சார். தொடச்சாப் போயிருமுங்க."

அந்தப் புதன்கிழமை, மூன்றாவது தடவையும் இதையே கேட்டு வந்த எரிச்சலில், பிரவின்குமார் அங்கேயே ஒரு வெள்ளைத் துணியை வாங்கிச் சக்கரத்தை அழுத்தித் துடைத்தார். அந்தக் கறுப்பைச் சாட்சியாகச் சுருட்டிக்கொண்டு நேரே, இரும்பு வார்க்கிற தன் பவுண்டரிக்கு வந்தார்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் மாசாணியம்மாள் உட்கார்ந்திருந்தார். பவுண்டரிக்குப் பின்வீட்டுக்காரர். அவர் கையிலும் ஒரு துணி.

அவர் வருவது இது நாலாவது தடவை. வார்ப்புகளை கிரைண்டிங் போடுகிற கொட்டகை அவர் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதன் ஜன்னல் வழியாக இரும்புப் பொடி கிளம்பி கூரை ஓட்டுச் சந்து வழியாக அவர் வீட்டுக்குள் இறங்குகிறது. மகள் கிருபா பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு இருபது நாள். பச்சைக் குழந்தை விடாமல் இருமுகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவேன், அதற்குள் பொடி நிற்காவிட்டால் இருவரையும் காரமடைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மருமகன் போனில் சொல்லிவிட்டார்.

"தொட்டில் துணிங்க மொதலாளி. காலைலதான் தொவச்சுக் கட்டுனது," என்று நீட்டினார்.

பிரவின்குமார் கோபப்படவில்லை. அவர் யாரையும் மரியாதை குறைத்துப் பேசுகிறவர் இல்லை.

"ஏனுங்கம்மா, இரும்பு வேலைன்னா அப்படித்தானுங்க. வெறும் தூசிதான், தொடச்சாப் போயிருமுங்க. எதுன்னாலும் எழுத்துல குடுங்க, பாத்துக்கலாம்."

போன மூன்று தடவையும் இதையேதான் சொல்லியிருந்தார். மாசாணியம்மாளுக்கு எழுதத் தெரியாது.

உள்ளே போனவர், டைப் அடிக்கிற சாய்ப்ரியாவைக் கூப்பிட்டு, கார் கம்பெனிக்கு ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். கதவு திறந்தே இருந்தது. அவர் சொல்லச் சொல்லக் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"சக்கரத்தில் தினமும் கரும்பொடி படிகிறது. கிளப்புவது நீங்கள், துடைப்பது நானா? துடைத்தால் போய்விடும் என்ற பதில் இனி வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படிப் படிந்தால் பொறுத்துக்கொள்வீர்களா? சாட்சிக்குத் துணி இணைத்திருக்கிறேன். மூன்று நாளில் சரிசெய்ய வேண்டும்."

சொல்லி முடித்ததும் பாதி எரிச்சல் இறங்கிவிட்டது. டைப் அடித்து வைக்கச் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனார்.

அரை மணி கழித்துத் திரும்பியபோது மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது. இரண்டு துணியும் இருந்தது. மாசாணியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தார்.

முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் பெறுநர் என்று அவர் பெயரே இருந்தது. முதலாளிகள் எந்தக் கடிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார்கள். அவரும் அப்படியே படித்தார்.

"மூணு நாள் கெடுவா?" முகம் சிவந்தது. "நம்மள மெரட்டறாங்களா? எந்த வக்கீலு எழுதிக் குடுத்தது?"

சாய்ப்ரியா எழுந்து நின்றாள். 

"நீங்கதானுங்க சார். 'சக்கரம்'னு வந்த எடத்துல 'தொட்டில்'னு மட்டும் மாத்திப்போட்டனுங்க."

அவர் மேலே இருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கீழே ஒரு கைநாட்டு. அதற்கு மை தேவைப்பட்டிருக்கவில்லை. மாசாணியம்மாள் பெருவிரலைத் துணியில் அழுத்தியே வைத்திருந்தார்.

இரண்டு துணியும் ஒரே கறுப்பு. எது தன்னுடையது என்று தெரியாமல் ஒன்றை எடுத்தார். அதில் பால் வாசம் அடித்தது.

வாசற்படியிலிருந்து மாசாணியம்மாள் சாய்ப்ரியாவிடம் கேட்டார்.

"மூணு நாள்னா சனிக்கெழமைங்களா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"அப்பச் செரி. ஞாயித்துக்கெழமைதான் மருமகன் வாராரு. தொட்டிலக் கழட்ட வேண்டாம்னு பிள்ளகிட்டச் சொல்லிப்போடறேன். வாரேனுங்க மொதலாளி."

துணியைத் திருப்பிக் கேட்காமல் அவர் படியிறங்கிப் போனார்.